வானிலை நிலநடுக்கத்தைக் கொண்டுவருமா?

கேள்வி இது: “காற்றே அசையாமல் புழுங்கித் தள்ளினால் நிலநடுக்கம் வரும் என்கிறார்கள். பெரிய புயல் கடந்த பிறகும் வரும் என்கிறார்கள். எரிமலைகள் மழைக்காலத்தில்தான் அதிகம் வெடிக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வானத்தில் நடப்பதற்கும் பூமிக்கு அடியில் நடப்பதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?”

புழுக்கத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புயல், கனமழை, பனிச்சுமை ஆகியவற்றுக்குச் சில இடங்களில், சில வகை நடுக்கங்களோடு உறவு இருக்கிறது. அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். எரிமலைகளில் அந்த உறவு இன்னும் கொஞ்சம் நெருக்கம். ஆனால் இதில் எதை வைத்தும் ‘அடுத்த வாரம் இந்த ஊரில் நடுக்கம்’ என்று சொல்லிவிட முடியாது. ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

புழுக்கக் கதை மிகப் பழையது. பூமிக்குள் இருக்கும் குகைகளில் காற்று அடைபட்டு, வெளியேற வழியில்லாமல் முட்டுவதால்தான் நிலம் நடுங்குகிறது என்று கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். காற்றெல்லாம் உள்ளே போய்விட்டால் வெளியே அமைதியாகத்தானே இருக்கும்? அதனால் காற்றில்லாத நாட்களில்தான் பெரும்பாலும் நடுக்கம் வரும் என்றார். தர்க்கம் கச்சிதம், அடிப்படைதான் தவறு. வெயிலோ குளிரோ தரைக்குள் அதிக ஆழம் போகாது. பத்து, பதினைந்து மீட்டருக்குக் கீழே கோடையும் குளிர்காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். நிலநடுக்கம் தொடங்கும் இடமோ பல கிலோமீட்டர் ஆழத்தில். சில நடுக்கங்கள் 700 கிலோமீட்டர் ஆழத்தில்கூடப் பிறக்கின்றன. மேலே அனல் பறக்கிறதா, பனி பெய்கிறதா என்பது அந்தப் பாறைக்குத் தெரியவே தெரியாது.

வெப்பம் இறங்காது, சரி. எடை இறங்குமே? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு. கடல் மட்டத்தில் அதன் சராசரி அழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல். இதுவரை அளந்த புயல்களிலேயே மிகக் குறைந்த அழுத்தம் 1979இல் பசிபிக்கில் உருவான ‘டிப்’ சூறாவளியின் மையத்தில் பதிவானது: 870. வித்தியாசம் 143 ஹெக்டோபாஸ்கல், அதாவது சுமார் 14 கிலோபாஸ்கல். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத் தண்ணீரை ஓரிடத்திலிருந்து தூக்கி எடுத்துவிட்டதற்குச் சமம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒரு நிலநடுக்கத்தில் பாறை விடுவிக்கும் இறுக்கம் பொதுவாக 1 முதல் 10 மெகாபாஸ்கல், அதாவது 1,000 முதல் 10,000 கிலோபாஸ்கல் வரை. வரலாறு காணாத புயல்கூட அந்தக் கணக்கில் நூற்றில் ஒரு பங்கு, அல்லது ஆயிரத்தில் ஒரு பங்கு.

அப்படியானால் விளைவே இருக்காதா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. சந்திரனும் சூரியனும் இழுப்பதால் கடல் மட்டுமல்ல, திடமான நிலமும் தினம் ஏறி இறங்குகிறது. அதனால் பாறைக்குள் உண்டாகும் அழுத்த மாற்றம் சில கிலோபாஸ்கல்தான். ஆயினும், அமெரிக்காவின் ஆரிகன் கரைக்கு அப்பால் கடலடியில் இருக்கும் ஆக்ஸியல் எரிமலையில், கடல் வற்றும் நேரத்தில் சிறு நடுக்கங்கள் தெளிவாகக் கூடுகின்றன. மேலே இருக்கும் தண்ணீர்ச் சுமை குறைந்ததும், எரிமலைக்கு அடியில் உருகிய பாறை தேங்கிய அறை லேசாக விரிந்து, பிளவுகளை வழுக்கத் தூண்டுகிறது. உலகின் பெரிய நடுக்கங்களை எடுத்துக்கொண்ட சில ஆய்வுகளிலும் இப்படி ஒரு சாய்வு தெரிகிறது. ஆனால் மிக மெல்லியது. அமாவாசை, பௌர்ணமியைப் பார்த்து வீட்டைவிட்டு ஓடும் அளவுக்கு இல்லவே இல்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்போம், வெறும் தற்செயலைச் சொல்ல. நிலநடுக்க ஆய்வில் அந்தப் பழமொழிக்குள் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. காக்கை வராவிட்டாலும் பழம் அந்த நொடியில் விழுந்திருக்கும் என்பது ஒன்று. பழம் முற்றிப்போய்க் காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது, காக்கையின் எடை அதைச் சில நாட்கள் முன்னதாக விழவைத்தது என்பது இன்னொன்று. பழத்தைப் பழுக்க வைத்தது எப்படியும் காக்கை இல்லை. பாறையை இறுக்குவது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகரும் புவித்தட்டுகள். அந்த வேலைக்கு நூற்றாண்டுகள் ஆகும். வானிலை செய்வதெல்லாம், செய்தால், கடைசி நேரத் தட்டு. இந்த இரண்டு வழக்குகளையும் எப்படிப் பிரிப்பது என்பதுதான் இந்தத் துறையின் தலைவலி.

காற்றைவிட மழைக்கு இதில் செல்வாக்கு அதிகம். காரணம் அதன் எடை மட்டும் இல்லை. தண்ணீர் பாறைக்குள் நுழையும். பிளவின் இருபுறமும் இருக்கும் பாறைகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பதால்தான் வழுக்காமல் நிற்கின்றன. இடையில் இருக்கும் தண்ணீரின் அழுத்தம் ஏறினால் அந்தப் பிடியில் ஒரு பகுதி கழன்றுவிடும். இதை முதலில் தெரியாமலேயே சோதித்தார்கள். அமெரிக்காவின் டென்வர் அருகே, ராணுவ ரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீரை 1962 முதல் மூன்றரை கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குக் குழாய் வழியாக அழுத்திச் செலுத்தினார்கள். கொஞ்ச நாளிலேயே, அதுவரை அமைதியாக இருந்த பகுதி நடுங்க ஆரம்பித்தது. 1966இல் நிறுத்தினார்கள். ஆனால் அந்தத் தொடரிலேயே பெரிய நடுக்கங்கள், கிட்டத்தட்ட 5 ரிக்டர் அளவில், 1967இல்தான் வந்தன. உள்ளே போன அழுத்தம் பாறை இடுக்குகளில் மெதுவாகப் பரவிக்கொண்டே இருந்திருக்கிறது. இந்தத் தாமதத்தை நினைவில் வையுங்கள். ‘மழை பெய்தது, மறுநாள் நடுங்கியது’ என்று யாராவது சொன்னால், பெரும்பாலான இடங்களில் தண்ணீருக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

சில இடங்களில் உண்டு. ஜெர்மனியின் பவேரியாவில் ஹோக்ஸ்டாஃபன் என்ற சுண்ணாம்புக்கல் மலை இருக்கிறது. ஓட்டையும் இடுக்குமாக இருப்பதால் மழைநீரை உறிஞ்சிக் கீழே அனுப்பும் மலை அது. 2002 மார்ச்சிலும் ஆகஸ்டிலும் அங்கே கொட்டித் தீர்த்தது. இரண்டு முறையும் அதைத் தொடர்ந்து சிறு நடுக்கங்கள் வரிசையாக வந்தன. பெரும்பாலானவை கருவிக்கு மட்டுமே தெரிந்தவை. நாட்கள் செல்லச் செல்ல, நடுக்கம் தொடங்கும் ஆழமும் கீழே இறங்கிக்கொண்டே போனது. தண்ணீர் அழுத்தம் பாறைக்குள் எந்த வேகத்தில் பரவும் என்று கணக்கிட்டார்களோ அதே போக்கில். மழைக்கும் நடுக்கத்துக்கும் தொடர்பு என்று நான் தயங்காமல் சொல்லும் உதாரணம் இதுதான்.

இந்தியாவிலிருந்து கொய்னாவைச் சொல்லலாம். மகாராஷ்டிரத்தில் 103 மீட்டர் உயர அணை கட்டி, 1960களின் தொடக்கத்தில் நீரைத் தேக்கினார்கள். சிறு அதிர்வுகள் ஆரம்பித்தன. 1967 டிசம்பர் 11 அதிகாலையில் 6.3 அளவில் பெரிய நடுக்கம் வந்தது. சுமார் 180 பேர் இறந்தார்கள். அது அதோடு முடியவில்லை. பருவமழையில் அணை நிரம்பி, நீர்மட்டம் உச்சத்துக்குப் போனபின் அந்தச் சிறிய பகுதியில் நடுக்கங்கள் கூடுவது பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. இதை வானிலை என்பதா, அணை என்பதா என்று வாதிடலாம். அணை இல்லாமல் மழை மட்டும் இதைச் செய்திருக்காது.

இமயமலை இன்னும் பெரிய அளவில் அதே பாடம். ஒவ்வொரு பருவமழையிலும் கங்கைச் சமவெளியில் மண்ணிலும் ஆற்றிலும் நிலத்தடியிலும் சேரும் நீரின் எடையில் நிலப்பலகையே கொஞ்சம் அமிழ்கிறது. நேபாளத்து ஜி.பி.எஸ். நிலையங்கள் மழைக்காலத்தில் தாழ்ந்து, குளிர்காலத்தில் எழுவது வரைபடத்தில் அலையாகத் தெரியும். சமவெளி அழுந்தும்போது மலையடிவாரப் பிளவின் மீதான நெருக்கம் சற்றுக் குறைகிறது. நீர் வடிந்ததும் திரும்புகிறது. விளைவு: நேபாளத்தில் சிறு நடுக்கங்கள் மழைக்காலத்தைவிடக் குளிர்காலத்தில் கணிசமாக அதிகம். மழையே நடுக்கத்தைக் கூட்டும் என்று நினைப்போம். இங்கே மழை தள்ளிப்போடுகிறது.

அப்படியென்றால் இமயமலையில் மழைக்காலம் பாதுகாப்பா? பெரிய நடுக்கங்களின் தேதிகளைப் பாருங்கள். ஷில்லாங் 1897 ஜூன் 12. காங்ரா 1905 ஏப்ரல் 4. பீகார்–நேபாளம் 1934 ஜனவரி 15. அசாம் 1950 ஆகஸ்ட் 15, அதாவது 8.6 அளவில், கொட்டும் பருவமழையின் நடுவே. நேபாளத்தின் கோர்க்கா 2015 ஏப்ரல் 25. இதில் எந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஆயிரக்கணக்கான சிறு நடுக்கங்களைக் கூட்டிப் பார்த்தால்தான் பருவச் சாயல் தெரிகிறது. ஊரை இடிக்கும் நடுக்கம் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இறுக்கத்தின் கணக்கில் வருகிறது. அதில் ஒரு பருவத்தின் சில கிலோபாஸ்கல் கரைந்தே போய்விடும்.

புயல் பற்றிக் கேட்டதால் தைவானைச் சொல்ல வேண்டும். வானிலைக்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பு என்று எழுதுகிற எல்லோரும் மேற்கோள் காட்டும் இடம் அதுதான். அங்கே கிழக்குக் கரையில் ஆழ்துளைகளுக்குள் பாறையின் நெளிவை அளக்கும் கருவிகளை வைத்து, 2002 முதல் 2007 வரை 20 ‘மெதுநடுக்கங்களை’ப் பதிவு செய்தார்கள். இவை சில மணி நேரம் அல்லது ஒரு நாளுக்கு மேலாக மெல்ல வழுக்குபவை. நிற்பவருக்கு எதுவுமே தெரியாது. அவற்றில் 11, சூறாவளி கடந்துபோகும் நேரத்தில் நடந்தன. 2009இல் வெளிவந்த அந்த ஆய்வின் விளக்கம் அழகானது: புயல் வரும்போது நிலத்தின் மேல் காற்றழுத்தம் குறைகிறது. கடலிலோ, அழுத்தம் குறைந்த இடத்தில் நீர் உயர்ந்து ஈடுகட்டிவிடுகிறது. கடல்தரைக்கு வித்தியாசமே தெரியாது. பிளவின் ஒரு பக்கம் இலகுவாக, மறுபக்கம் அப்படியே இருக்க, வழுக்கல் தொடங்குகிறது. ஆனால் பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டார்கள். புயலோடு கனமழையும் வருகிறது. அந்த மழைநீரே பாறையை நெளித்து, கருவியில் மெதுநடுக்கம் போன்ற கோட்டைப் போட்டுவிட்டால்? மழையின் பங்கைக் கழித்துப் பார்த்தபோது புயல் தொடர்பு முன்போல உறுதியாக நிற்கவில்லை. இன்றைக்கும் அந்த 11ஐ முடிந்த முடிவாகப் பரப்புகிறவர்கள் இந்தப் பின்கதையைச் சொல்வதில்லை.

அதே தீவில் எனக்கு வலுவாகப்படுவது வேறொன்று. 2009 ஆகஸ்டில் மொராகோட் சூறாவளி சில நாட்களில் மூன்று மீட்டர் அளவுக்கு மழையைக் கொட்டியது. ஆயிரக்கணக்கான நிலச்சரிவுகள், மலையின் மேல்தோலே உரிந்து ஆறுகளில் போனது. அதன்பின் இரண்டரை ஆண்டுகளுக்கு, அந்தப் பகுதியில் ஆழம் குறைந்த சிறு நடுக்கங்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததாக 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. காற்றழுத்தம் ஓரிரு நாளில் திரும்பிவிடும். அடித்துச் செல்லப்பட்ட மலை திரும்பாது.

ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் 2020 இறுதியிலிருந்து நடுக்கங்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தன. 2024 ஜனவரி 1 அன்று 7.5 அளவில் பெரியது வந்தது. கடும் பனிப்பொழிவும் மழையும் அந்தத் தொடரின் நேரத்தைப் பாதித்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு சொன்னதும், ‘பனியால் நிலநடுக்கம்’ என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள். தொடரின் முக்கியக் காரணம் கீழிருந்து மேலேறிய திரவங்களும் தட்டுகளின் இறுக்கமும்தான்.

தற்செயலின் பலத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 20,000 நடுக்கங்களுக்கு இடம் குறிக்கிறார்கள். தினமும் ஐம்பதுக்கு மேல். 7 அளவைத் தாண்டியவை மட்டுமே ஆண்டுக்குப் பதினைந்து வரை. எந்த வெப்ப அலைக்கும் எந்தப் புயலுக்கும் பக்கத்தில் ஒரு நடுக்கத்தைத் தேடினால் கிடைக்கத்தான் செய்யும். மெக்சிகோவில் செப்டம்பர் 19ஆம் தேதி 1985இல் 8.0, 2017இல் 7.1, 2022இல் 7.6 என்று மூன்று பெரிய நடுக்கங்கள் வந்தன. கடைசி இரண்டும் 1985இன் நினைவாக நடத்தும் பாதுகாப்பு ஒத்திகை முடிந்த சில மணி நேரத்துக்குள். எந்த வானிலைக் கோட்பாட்டுக்கும் இவ்வளவு பிரமாதமான சான்று கிடையாது. ஆனாலும் இது தற்செயல். தேதிக்கும் பாறைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நிலநடுக்க மேகம் என்று படம் அனுப்புகிறார்களே, அதற்குச் சான்று எதுவும் இல்லை. மலையைத் தாண்டும் காற்று அப்படி வரிவரியாக மேகத்தை அடுக்கும், அவ்வளவுதான். நடுக்கத்தின்போது தெரியும் ஒளி வேறு விஷயம்: ஜப்பானின் மட்சுஷிரோவில் 1960களின் நடுவில் அதைப் படமே எடுத்திருக்கிறார்கள். முன்கூட்டியே தெரியும் அடையாளமாக அது இதுவரை உதவியதில்லை.

இனி எரிமலை. நிலநடுக்கம் தொடங்கும் ஆழத்தில் மழைக்கு வேலை குறைவு என்றேன். எரிமலை அப்படியில்லை, அதன் வாயே மேலே திறந்திருக்கிறது. கரீபியனில் மொன்செராட் தீவின் சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலை 1995இல் விழித்துக்கொண்டது. வாயில் கெட்டியான லாவா குவிமாடம்போல் வளர்ந்து நிற்கும், உள்ளே தணல். அதன் மேல் கனமழை பெய்தால் நீர் இடுக்குகளில் இறங்கி நொடியில் ஆவியாகிறது, வாயு வெளியேறும் வழிகளும் அடைபடுகின்றன. குவிமாடத்தின் ஓரம் சரிகிறது. சரிந்ததும் உள்ளே அழுத்தத்தில் இருந்த பகுதி வெளிப்பட்டு, நெருப்புச் சாம்பலும் பாறையுமாக மலைச்சரிவில் பாய்கிறது. 2003 ஜூலை 12, 13 தேதிகளில் நடந்த மாபெரும் சரிவுக்கு முன்பும் நல்ல மழை. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையிலும் 1989 முதல் 1991 வரை நடந்த சிறு வாயு வெடிப்புகள் பல புயல்மழைக்குப் பின் வந்தவை. எரிமலையைக் கண்காணிப்பவர்கள் மழை முன்னறிவிப்பையும் பார்ப்பது இதனால்தான்.

மழை குவிமாடத்தை இடிக்கும், சரி. பூமிக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறையான மாக்மாவையே புதிதாக மேலே கொண்டுவருமா? ஹவாயின் கீலாவியா 2018 மே மாதம் வெடித்து எழுநூறு வீடுகளை அழித்தது. அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் அங்கே சில இடங்களில் இரண்டு மீட்டருக்கு மேல் மழை. மழைநீர் பாறையைப் பலவீனப்படுத்தி மாக்மாவுக்கு வழிவிட்டது என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதிலேயே, எரிமலைக்குள் மழையால் ஏறிய நீரழுத்தம் சுமார் 1 கிலோபாஸ்கல் அல்லது அதற்கும் கீழே என்றுதான் கணக்கு. வெடிப்புக்கு முந்தைய வாரங்களில் எரிமலை உள்ளிருந்து வீங்கிக்கொண்டிருந்தது கருவிகளில் தெளிவாகப் பதிவாகியிருந்தது. மாக்மா அழுத்தமே போதுமான காரணம், மழையை இழுக்கத் தேவையில்லை என்று 2022இல் மறுப்பும் வந்தது. நான் மறுப்பின் பக்கம்.

வானிலைக்கும் எரிமலைக்கும் இருக்கும் உறவில் பெரிய அம்பு எதிர்த்திசையில் போகிறது. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 1991 ஜூன் 15 அன்று வெடித்தபோது யுன்யா சூறாவளியும் அதே நாளில் அங்கே இருந்தது. புயல் எரிமலையைத் தூண்டவில்லை. பல வாரங்களாகவே அது தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் சாம்பலில் மழை ஊறி, அந்தப் பாரத்தில் கூரைகள் இடிந்து பலர் இறந்தார்கள். அடுத்து, மேகங்களுக்கும் மேலே இருக்கும் வளிமண்டல அடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் போன ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேலான சல்பர் டை ஆக்சைடு உலகின் சராசரி வெப்பநிலையை ஏறக்குறைய அரை டிகிரி குறைத்தது. 1815இல் வெடித்த இந்தோனேசியாவின் தம்போரா, மறு ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையையே காணாமல் செய்தது. 2022 ஜனவரி 15இல் பசிபிக்கில் ஹுங்கா டோங்கா என்ற கடலடி எரிமலை வெடித்தபோது எழுந்த அழுத்த அலை பூமியைப் பலமுறை சுற்றியது. உலகெங்கும் சாதாரண காற்றழுத்தமானிகளின் கோடு, மேகமே இல்லாத இடத்திலும், ஒரு துள்ளு துள்ளியது.

கடைசியாக, எப்போதும் இதோடு சேர்ந்து வரும் கேள்வி: புவி சூடானால் நிலநடுக்கமும் எரிமலையும் கூடுமா? பனிப்பாறை இருக்கும் இடங்களில் கூடலாம். முந்தைய பனிக்காலம் முடிந்து ஐஸ்லாந்தின் மேலிருந்த கிலோமீட்டர் கணக்கான பனி உருகியபோது, அங்கே எரிமலை உமிழ்வு 30 முதல் 50 மடங்கு வரை உயர்ந்தது. சுமை நீங்கியதும் கீழே சூடான பாறை கூடுதலாக உருகி மாக்மா ஆனது. ஸ்வீடனின் வடக்கில் 150 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் பார்வி பிளவு, அதே காலத்தில், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன், 8 ரிக்டர் அளவிலான நடுக்கத்தில் எழுந்தது. இன்று அந்தப் பகுதியில் அப்படி ஒன்றை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஐஸ்லாந்தின் வட்னாயோகுல் பனிப்பாறை இப்போது மெலிந்து வருகிறது. அதன் ஓரத்து நிலம் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் எழும்புகிறது. கீழே மாக்மா கூடுதலாக உருவாகிக்கொண்டிருக்க வேண்டும் என்கின்றன கணக்குகள். ஆனால் அது மேலே வந்துசேரப் பல பத்தாண்டுகளோ நூற்றாண்டுகளோ ஆகலாம், பாதி வழியிலேயே உறைந்தும் போகலாம். பனிப்பாறையே இல்லாத நிலப்பகுதிகளில் இந்தக் கவலைக்குப் பெரிதாக இடமில்லை. அங்கே சூடாகும் புவி கொண்டுவரும் ஆபத்துகள் வெள்ளம், நிலச்சரிவு போன்றவைதான்.